ஈரத்துக்குக் கழித்த எடை

மண்கும்பானில் பஸ் படுத்துவிட்டது. சாரதி இறங்கி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறச் சொன்னார். அடுத்தது எப்போது வரும் என்று அவருக்கும் தெரியவில்லை. நான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு மேற்குப் பக்கமாக நடக்கத் தொடங்கினேன். பைக்குள் இரண்டு சாரம், ஒரு சேட்டு, பிரியாவிடைக்குத் தந்த சுவர்க்கடிகாரம். கடிகாரம் நல்லதுதான். எனக்கென்று ஒரு சுவர் இருந்ததில்லை.

காலையில் யாழ்ப்பாணப் பட்டினத்தில் பிரியாவிடைக் கூட்டம் நடந்தது. ஆஸ்பத்திரிச் சிற்றூழியர்கள் நாலைந்து பேருக்கு ஒன்றாக ஓய்வு. மாலை போட்டார்கள், கேக் வெட்டினார்கள். புதிதாக வேலைக்கு வந்த ஒரு தாதி மிஸ்ஸி என் பக்கத்தில் இருந்து, "அண்ணை, ஸ்கான் மெஷினைத் தோளிலையோ கொண்டு திரிஞ்சனீங்கள்?" என்று கேட்டா. நான் போன தீவு ஆஸ்பத்திரிகளில் இப்போது மெஷின் அங்கேயே நிற்கிறது. பெட்டியில் வைத்துக் கடல் கடந்து கொண்டுபோனோம் என்றால் அவவுக்குக் கதைபோலத் தெரிகிறது. உந்தக் கதையெல்லாம் எழுதித் தாருங்கோ, ஆஸ்பத்திரி மலரில் போடுவோம் என்றா. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

தேத்தண்ணி முடியமுதல் நான் எழும்பி வந்துவிட்டேன். நான் தங்கியிருந்த அறை வேலணையில். அங்கே போகத்தான் பஸ் ஏறினேன். ஆனால் பஸ்ஸில் நெடுந்தீவு மருத்துவிச்சி அக்காவைக் கண்டேன். கதையோடு கதையாக, கடல் தொழில் செய்த சூசையின் குடும்பம் பேசாலையிலிருந்து நெடுந்தீவுக்குத் திரும்பி வந்துவிட்டது, துறைமுகத்தடியில் மீன் வாங்குகிற வாடி போட்டிருக்கிறான் என்று சொன்னா. பஸ் நின்றதும் அவ தெரிந்த ஆட்களின் ஓட்டோவில் ஏறிப் போய்விட்டா. பிள்ளையைப் பற்றிக் கேட்க நினைத்தேன். கேட்பதற்குள் ஓட்டோ போய்விட்டது. வேலணையில் அறைக்குத் திரும்பும் ஒழுங்கையைத் தாண்டி நான் நேரே நடந்தேன். குறிகட்டுவானுக்குப் போனால் காலையில் நெடுந்தீவுக்குப் படகு இருக்கும்.

அந்தப் பிள்ளையை நான் பிறக்கமுதல் பார்த்தவன். பிறந்த பிறகு ஒருநாளும் பார்க்கவில்லை.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மன்னாரில் உப்பு அள்ளினேன், வவுனியாவில் மர ஆலையில் நின்றேன், கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன், இடையில் முகாமிலும் இருந்தேன். ஒரு கலியாணமும் செய்தேன். நான் மர ஆலையில் நின்ற காலத்தில் அவள் தாய் தகப்பனோடு இந்தியாவுக்குப் போனாள். பிறகு கடிதமும் நின்றுவிட்டது. பிள்ளை இல்லை. சண்டை முடிந்து தீவுப் பக்கம் வந்தபோது குறிகட்டுவானில் ஒரு மீன் வாடியில் கொஞ்சக்காலம் தராசு பிடித்தேன். ஆஸ்பத்திரிச் சாமான் ஏற்ற ஆள் வராத ஒருநாள், கரையில் சும்மா நின்ற என்னைக் கூப்பிட்டார்கள். நெடுந்தீவுக் கடலுக்குப் பயந்து அந்த வேலையில் ஒருத்தரும் நிலைக்கவில்லை. நான் நிலைத்தேன். ஓரிடத்தில் இருக்க ஏலாதவனுக்கு அது நல்ல வேலை. இன்றைக்கு நெடுந்தீவு, இன்னொரு நாள் அனலைதீவு, பிறகு நயினாதீவு.

கிளினிக் நாளில் பெரிய டொக்டர் யாழ்ப்பாணத்திலிருந்து வருவா. பிள்ளைப்பேற்று டொக்டர். மெலிந்த, மெல்லக் கதைக்கிற மனுசி. மெஷின் ஓர் அலுமினியப் பெட்டிக்குள் இருக்கும். பெட்டியைப் பழைய போர்வையால் சுற்றி, அதன்மேல் பொலித்தீன் சுற்றி, கயிறு போடுவேன். படகில் அதைத் தட்டில் வைக்கக்கூடாது. இயந்திரத்தின் அதிர்வு மெஷினுக்குக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தா. அதனால் குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவு வரைக்கும் பெட்டி என் மடியில் இருக்கும். அலை அடித்தால் குனிந்து அதன்மேல் கவிழ்ந்துகொள்வேன். முதுகு நனையும், பெட்டி நனையாது. டொக்டர் எதிரே இருந்து ஒரு பைக்குள் ஓங்காளித்துச் சத்தி எடுத்துக்கொண்டு வருவா. அத்தனை வருடம் வந்தும் அவவுக்குக் கடல் ஒத்துவரவில்லை. கரையில் கால் வைத்ததும் முகத்தைக் கழுவி, சீலையைச் சரிசெய்து, ஒன்றும் நடக்காதவ போல நடந்து போவா.

நெடுந்தீவில் ஸ்கான் எடுத்த அறைக்கு மேற்கே ஒரு பெரிய யன்னல். கண்ணாடி உடைந்து, கதவும் இல்லை. வெளிச்சம் அடித்தால் திரையில் ஒன்றும் தெரியாது. நான் அந்த யன்னலை அடைத்து ஒரு கறுத்தப் போர்வையை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கட்டிலைச் சுற்றி மறைப்புச் சீலை கட்டியிருக்கும். தாய்மாரின் முகம் எனக்குத் தெரியாது. மெஷினின் திரை மட்டும் சீலைக்கு வெளியே என் பக்கம் பார்த்தபடி இருக்கும். கை உளையும். ஆனால் அந்தத் திரையில் நான் பார்த்தவற்றை எந்தத் தகப்பனும் அதற்கு முதல் பார்த்திருக்க மாட்டான். சூப்புகிற விரல். பொத்திய கை. முத்துக் கோத்ததுபோல முதுகெலும்பு. டொக்டர் அடுத்த தாயைக் கூப்பிட்டதும் அந்தப் பிள்ளை போய்விடும். பிறகு அது யாருடையது, எங்கே ஓடித் திரிகிறது என்று எனக்குத் தெரியவராது.

டொக்டருக்கு ஒரு முறை இருந்தது. வயிற்றில் பூசுகிற களிம்புப் போத்தலை முதலே சுடுதண்ணிக்குள் வைக்கச் சொல்லுவா, தாய்க்குக் குளிரக்கூடாது என்று. தலையை அளப்பா, வயிற்றைச் சுற்றி அளப்பா, தொடை எலும்பை அளப்பா. ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்ப அளந்து, ஒத்து வருகிறதா என்று பார்ப்பா. அந்த அளவுகளிலிருந்து மெஷின் ஓர் எடையைச் சொல்லும். அதை அவ உடனே வாயால் சொல்லமாட்டா. களிம்பைத் தானே துடைத்துவிட்டு, தாயை எழும்பி இருக்கவிட்டு, அதன் பிறகுதான் சொல்லுவா. சொல்லும்போதும் 'சுமார்' என்ற சொல் இல்லாமல் எடை வராது. கூடவும் வரலாம், குறையவும் வரலாம் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லுவா. பெரிய பிள்ளையாக இருந்தால் அரைக் கிலோவுக்கு மேலேயும் மாறும் என்று ஒருநாள் மருத்துவிச்சி அக்காவுக்கு விளங்கப்படுத்தியதை நான் கேட்டேன்.

றெஜினா சூசையின் மனைவி. அவளுக்கு முதல் பிள்ளை வீட்டில் பிள்ளைப்பேற்றுக் குத்து எழும்பி, கடல் கொந்தளித்துப் படகு ஓட ஏலாத ஒரு நாளில் தீவிலேயே பிறந்தது. தலை வந்தது, தோள் வரவில்லை. பெரிய பிள்ளை. தோள் தாயின் இடுப்பெலும்பில் மாட்டிக்கொண்டது. எடுத்தபோது உயிர் இல்லை. தேவாலயத்துக்குப் பின்னால் அடக்கினார்கள். இரண்டாம் முறை அவளுக்குச் சீனி வருத்தமும் வந்துவிட்டது. தாய்க்குச் சீனி இருந்தால் பிள்ளைக்குத் தலையைவிட உடம்பும் தோளும் பெருக்கும் என்று டொக்டர் அவளிடம் முதலே சொல்லியிருந்தா.

றெஜினா வந்த கடைசிக் கிளினிக் அன்றைக்கும் நான் போர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டொக்டர் வழமையைவிடக் கனநேரம் எடுத்தா. வயிற்றுச் சுற்றளவை அளந்து, அழித்து, மறுபடி அளந்தா. பிறகு சூசையையும் உள்ளே கூப்பிட்டு, பிள்ளை இப்போதே சுமார் நாலு கிலோ, நாள் கிட்டிவிட்டது, அடுத்த கிளினிக் வரை தீவில் இருக்க விடமாட்டேன், இன்றைக்கே என்னோடு படகில் வாருங்கள், யாழ்ப்பாணத்தில் வெட்டி எடுப்பதுதான் நல்லது என்றா. சூசை ஓம் என்று தலையாட்டினான். உடுப்பு எடுத்துக்கொண்டு துறைக்கு வருகிறோம் என்றான்.

துறையில் காத்திருந்தோம். அவர்கள் வரவில்லை. காற்று எழும்பியது. படகோட்டி புறுபுறுத்தார். டொக்டர் என்னைப் போய்ப் பார்த்துவரச் சொன்னா.

கல்வேலிகளுக்கு நடுவே போனால் கடற்கரையோடு சூசையின் வீடு. அவன் முற்றத்தில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவனோடு தொழிலுக்குப் போகிற இரண்டு பேர் வலையின் மறுகரையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். றெஜினா உள்ளே கதிரையில் இருந்தாள். காலடியில் கட்டிய பை.

"அண்ணை, நீங்களும் வாடியில தராசு பிடிச்சனீங்கள்தானே," என்றான் சூசை. "நீங்களே சொல்லுங்கோ. பிள்ளை நிக்கிறது தண்ணிக்குள்ள. தண்ணியோட நிறுத்தா எப்பிடி?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. எங்கள் கரைகளில் மீன் நிறுக்கும்போது ஈரத்துக்கு என்று கொஞ்சம் கழிப்பார்கள். கடலால் வந்த மீனில் தண்ணி நிற்கும், பனிக்கட்டி நிற்கும். தராசு காட்டுவது மீனின் எடை அல்ல. கழித்த பிறகு சொல்லுவதுதான் எடை. அதில் ஒருத்தரும் சண்டை பிடிப்பதில்லை. சூசை அதே கணக்கைப் போட்டிருந்தான். மெஷின் நாலு கிலோ சொன்னது தண்ணியையும் சேர்த்து. ஈரத்துக்குக் கழித்தால் மூன்றரைதான் வரும். மூன்றரைக் கிலோப் பிள்ளை தீவில் எத்தனையோ பிறந்திருக்கிறது. அதற்கேன் வெட்ட வேண்டும்? வலை பிடித்த இரண்டு பேரும் சரிதான் என்றார்கள். அதோடு கணவாய் படுகிற காலம், தொழிலை விட்டுவிட்டுப் போக அவனுக்கு மனமில்லை.

உண்மையைச் சொன்னால் எனக்கும் அது சரிபோலத்தான் பட்டது. அத்தனை காலம் அந்தத் திரையைப் பார்த்த எனக்குப் பிள்ளையைச் சுற்றிக் கறுப்பாக நிற்பது தண்ணி என்று தெரியும். அதை மெஷின் நிறுக்கிறதா இல்லையா என்று தெரியாது. நான் துறைக்குத் திரும்பி, சூசை சொன்னதை அப்படியே டொக்டரிடம் சொன்னேன்.

டொக்டர் சிரிக்கவில்லை. படகிலிருந்து இறங்கினா. கடல் இனிப் பொறுக்காது என்று படகோட்டி சத்தம் போட்டார். அவ, "கொஞ்சம் பொறுங்கோ அண்ணை," என்றுவிட்டு நடந்தா. செருப்பு மணலில் புதைய, அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தா. நானும் பின்னால் போக, சூசையின் முற்றத்தில் வலைக்கு ஒரு கரையாகக் குந்தி இருந்தா. கதிரை கொண்டுவரப் போனவர்களை வேண்டாம் என்றா.

"சூசை, ஒரு பாரை வள்ளத்துக்குப் பக்கத்தில தண்ணிக்குள்ள போகுது. எத்தினை கிலோ எண்டு சொல்லுவீரோ?"

"சொல்லுவன் டொக்டர்."

"எப்பிடி? தராசில போடேல்லையே."

"நீளத்தையும் தடிப்பையும் பாத்தால் தெரியும்தானே."

"அதுக்கு ஈரக் கழிவு போடுவீரோ?"

சூசை வலை ஊசியை நிறுத்தினான். மறுகரையைப் பிடித்திருந்தவர்களில் ஒருவன் பல்லைக் காட்டினான். "கடலுக்குள்ள நிக்கிற மீனுக்கு ஆர் கழிவு போடுறது," என்றான்.

"நானும் உங்கட பிள்ளையை நிறுக்கேல்லை," என்றா டொக்டர். "தலையையும் வயித்தையும் தொடையையும் அளந்தனான். அளவை வைச்சு ஒரு மதிப்புச் சொன்னனான். அது பிழைக்கலாம். நாலு எண்டது மூண்டரையாவும் இருக்கலாம், நாலரையாவும் இருக்கலாம். எந்தப் பக்கம் பிழைக்கும் எண்டு எனக்குத் தெரியாது."

"அப்ப தெரியாத ஒண்டுக்கு அவளை வெட்டுறதோ?"

டொக்டர் பதில் சொல்ல வாயெடுத்தா. அதற்குள் றெஜினா பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவள் சூசையைப் பார்த்துச் சொன்னாள். சத்தம் உயரவில்லை.

"மூத்ததை ஒருத்தரும் நிறுக்கேல்லை. அது எவ்வளவு எண்டு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் போறன். நீங்கள் வந்தால் வாங்கோ."

அவள் எங்களைக் கடந்து நடந்தாள். சூசை வலையை அப்படியே போட்டுவிட்டு எழும்பினான்.

அன்றைய கடல் மோசம். நடுத் தட்டில் மெத்தை போட்டு றெஜினாவை இருத்தினோம். தண்ணி உள்ளே அடித்தது. சூசை வாளி எடுத்து இறைக்கப் போய்விட்டான். டொக்டர் எதிர்ப் பலகையைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தா. நான் வழமைபோலப் பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டிருந்தேன். சத்திக்கு நடுவே டொக்டர் தலையை நிமிர்த்தி, "பெட்டியை விடுங்கோ அண்ணை, அவவைப் பிடியுங்கோ," என்றா. அந்தப் பெட்டி தட்டில் இருந்தது அந்த ஒரு நாள்தான். நான் றெஜினாவின் பின்னால் குந்தி, படகு விழும்போது அடி அவள் இடுப்பில் விழாமல் என் முழங்காலை அண்டக் கொடுத்தேன். ஒவ்வோர் அலைக்கும் அவள் மாதாவே என்றாள். நயினாதீவுப் பக்கம் கிட்ட வந்து கடல் கொஞ்சம் அடங்கியபோது, அவள் என் கையை இழுத்துத் தன் வயிற்றின் பக்கவாட்டில் வைத்தாள்.

"அண்ணை, உதைக்குது. உயிரோடதான் இருக்கு. பாருங்கோ."

உதைத்தது. குதிகாலாக இருக்கும். என் உள்ளங்கையில் பட்டு, நழுவி, மறுபடி பட்டது.

குறிகட்டுவானில் அம்புலன்ஸ் நின்றது. அவளை ஏற்றினார்கள், டொக்டரும் சூசையும் ஏறினார்கள். நான் பெட்டியோடு ஆஸ்பத்திரி வானில் போனேன்.

மறுநாள் சூசை எனக்குப் போன் எடுத்துச் சொன்னான். வெட்டித்தான் எடுத்ததாம். பெண் பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம். மூன்று கிலோ அறுநூறு. அவன் சிரித்தானா அழுதானா என்று போனில் பிரித்தறிய முடியவில்லை. "நான் கழிச்சது சரிவந்திட்டுது பாத்தீங்களே அண்ணை," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்.

அடுத்த கிளினிக்கில் இதை டொக்டரிடம் சொன்னேன். அவ அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தா. "மெஷின் எடையைக் கூட்டிச் சொல்லிப்போட்டுது," என்றா.

"வெட்டாமலே பிறந்திருக்குமோ டொக்டர்?"

"பிறந்திருக்கலாம்." படகில் ஏறிப் பலகையில் இருந்துகொண்டா. "எனக்குத் தெரியாது அண்ணை. நாளைக்கும் உப்பிடி ஒரு தாய் வந்தா நான் கூட்டிக்கொண்டுதான் போவன்." பிறகு பையை எடுத்துச் சத்திக்கு ஆயத்தமானா.

றெஜினா தீவுக்குத் திரும்பவில்லை. பட்டினத்திலிருந்தே பேசாலைக்கு, தாய்வீட்டுக்குப் போனாள். சூசையும் வள்ளத்தை விற்றுவிட்டு அங்கே போனான். பிள்ளைக்கு ஸ்ரெல்லா என்று பெயர் வைத்ததாக ஆரோ சொன்னார்கள். போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். பேசாலை எனக்குத் தெரியாத இடமல்ல, உப்பு அள்ளிய காலத்தில் நடந்தே போன இடம். பஸ்ஸில் ஏறினால் ஒருநாள். கால் நிலைகொள்ளாதவன் என்று பெயர் எடுத்த நான், அந்த ஒரு இடத்துக்கு மட்டும் போகவில்லை. ஆர் நீர், என்ன முறை என்று ஆரும் கேட்டால் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு போர்வையைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ பிள்ளைகளைத் திரையில் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் உள்ளங்கையில் அந்தக் குதிகால்தான் பட்டது.

இப்படி யோசித்துக்கொண்டு நடந்ததில் புங்குடுதீவுப் பாலம் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் கடல் வற்றிக் கிடந்தது. பாலத்தில் ஓர் உழவு இயந்திரக்காரர் ஏற்றிக்கொண்டார். பொழுதுபடக் குறிகட்டுவானில் இறங்கி, அங்கே மண்டபத்தில் படுத்தேன்.

காலையில் படகில் ஏறினேன். வழமையான இடத்தில் வழமைபோல முழங்காலை அகட்டி இருந்துவிட்டேன். படகு கொஞ்சத் தூரம் போன பிறகுதான் மடியில் ஒன்றும் இல்லை என்பது உறைத்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அலை அடித்தபோது என் முதுகு தானாகக் குனிந்தது. பக்கத்தில் இருந்தவர், "வயிறு நோகுதோ ஐயா?" என்று கேட்டார்.

சூசையின் வாடி துறையிலிருந்து பார்த்தாலே தெரிந்தது. தகரக் கூரை, நாலு மரக்கால், நடுவில் தொங்கும் தராசு. அவனுக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் எழும்பாமல், "ஆர் இது, கழிவுக் கணக்குச் சாட்சியோ?" என்றான். பிறகு எழும்பி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். றெஜினா தேத்தண்ணி கொண்டுவந்தாள். நான் கடிகாரத்தை அவளிடம் கொடுத்தேன். அவள் அதைத் துடைத்து, ஓடுகிறதா என்று காதில் வைத்துப் பார்த்தாள். பேசாலைக் கதை சொன்னார்கள். நான் வாடிக்குப் பின்னால், வேலியடியில், வீட்டுப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். றெஜினா கண்டுகொண்டாள்.

"ஸ்ரெல்லாவைத் தேடுறியளோ? அவள் இஞ்சை இல்லை அண்ணை. யாழ்ப்பாணத்தில கன்னியர்மடத்தில விட்டுப் படிப்பிக்கிறம்."

நான் தேத்தண்ணியைக் குடித்தேன். முந்தின நாள் காலையில் கழுத்து மாலையைக் கழற்றி வைத்துவிட்டு நான் பஸ் ஏறிய பட்டினத்தில்தான் அவள் இருந்தாள். ஒரு நாள் முழுக்க அவளை விட்டு விலகித்தான் நடந்திருக்கிறேன்.

"வெள்ளிக்கிழமைப் படகில வருவாள்," என்றான் சூசை. "அதுவரைக்கும் நிண்டு பாத்திட்டுப் போங்கோ. சும்மா நிக்க உங்களுக்கு ஏலாது எண்டு தெரியும். தராசைப் பிடியுங்கோ. பிடிச்சவன் நேற்றோட வெளிநாடு போயிட்டான்."

அன்றைக்குச் செவ்வாய். வள்ளங்கள் கரைக்கு வந்துகொண்டிருந்தன. நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தராசடியில் போய் நின்றேன். முதல் கூடை விளைமீன், தண்ணி சொட்டச் சொட்டத் தராசில் கொழுவினார்கள். முள் ஆடி நின்றது. நான் பார்த்து எடையைச் சொன்னேன்.

"கழிச்சோ சொன்னீங்கள்?" என்று சூசை உள்ளேயிருந்து கேட்டான்.

"ஓம், கழிச்சுத்தான்," என்றேன். அடுத்த கூடையைக் கொழுவச் சொன்னேன்.